சனிக்கிழமை கிழக்கே சூலம்

வாங்க வாத்தியாரே, இப்படி ஃபேனுக்கு நேரா உக்காருங்க. ஊட்டுக்காரி கோயிலுக்குப் போயிருக்கறா, சித்த நேரத்துல வந்துருவா. காப்பி அவ வந்தாத்தான். எனக்கு அடுப்புப் பத்த வெக்கத் தெரியாதுன்னு இல்லீங்க, சக்கரை டப்பா எங்க இருக்குதுன்னு தெரியாது. அவ இருக்கறப்ப எனக்கு எதுக்கு அது தெரியோணும், சொல்லுங்க.

கப்பல்ல போறதப் பத்திக் கேக்க வந்தீங்களாக்கும். உங்க ஊட்டம்மா போயே தீருவேன்னு நிக்கறாங்களாக்கும். நிப்பாங்க. பொம்பளைங்க நிக்கத்தான் நிப்பாங்க, நாமதான் எடுத்துச் சொல்லோணும். அதுக்குச் சரியான ஆளுகிட்டத்தான் வந்திருக்கறீங்க. போகாதவன் சொன்னா நம்பக்கூடாது. நா போயிட்டு வந்தவன். உள்ளது உள்ளபடி சொல்றேன், கேட்டுக்குங்க. இத்தாலியில அந்த வெனிசுல ஒண்ணுமே இல்லீங்க.

எங்க பையன் செருமனில இருக்கறானில்லீங்க, அவன் பண்ண வேலைதான் இது. மணிவிழா முடிஞ்சதும், அப்பா, நீங்களும் அம்மாவும் ஒருக்காக் கப்பல்ல போயிட்டு வாங்கன்னு சீட்டப் போட்டுட்டான். ரெண்டு சீட்டுப் போட்டான்னு பாத்தா மூணு. மூணாவது ஆருக்குங்கறீங்க, அவன் மாமியாளுக்கு. எங்க சம்பந்தியம்மா. பூங்கோதைன்னு பேரு. கோபியில தபாலாபீசுல இருந்து ரிட்டயரானவங்க. சம்பந்தி தவறிப் பத்து வருசமாச்சு, தங்கமான மனுசன், அவரு இருந்த வரைக்கும் இந்தம்மா வாயத் தெறந்து நா பாத்ததில்லை. இப்ப என்னடான்னா சீலைக்குக் கீழ வெள்ளை பூட்ஸு, கையில ஃபோனு, வெள்ளைக்காரன்கிட்டப் போயி நின்னு இங்கிலீசு. காலம் அப்புடி ஆகிப்போச்சு. நா ஒண்ணும் சொல்லலை. சம்பந்தி வகையறா, சொல்லக்கூடாது.

கப்பலுங்கறது நீங்க நெனைக்கற மாதிரி கப்பலில்லீங்க. மண்டபம். முகூர்த்த நாள்ல ரெண்டாவது பந்திக்குக் கூட்டம் அலைமோதுமில்லீங்க, அத ஒரு வாரத்துக்கு ராப்பகலா நடத்துனா அதுதான் கப்பலு. ஆளாளுக்கு ஒரு தட்டெடுத்துட்டு நடந்துட்டே திங்கறான். திங்கறான், குளிக்கறான், மறுபடியும் திங்கறான். கடலு எங்கடான்னா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கெடக்குது, ஒருத்தன் திரும்பிப் பாக்கறதில்லை.

ஆனா எங்கூட்டுக்காரிக்கு கப்பலும் வேண்டாம், சோறும் வேண்டாம். துளசிமணிக்கு அந்த ஒரே ஊருதான். அது பழைய கதை. எங்க கல்யாணமான வருசம் நம்ம எண்ணெ மில்லுக்கு செக்கு மெசினு குடுத்த கம்பெனிக்காரன் ஒரு காலண்டர் குடுத்தான், மாசத்துக்கு ஒரு வெளிநாட்டுப் படம். மத்த மாசத்தையெல்லாம் கிழிச்சு டப்பாவுக்கு அடியில போட்டுட்டா. இந்த வெனிசை மட்டும் சமையக்கட்டுச் செவுத்துல ஒட்டி வெச்சா. தாளிக்கற பொகையில அந்தத் தண்ணியே கறுத்துப் போச்சுங்க. புதுசுல ஒரு நாள் கேட்டா, ஏனுங்க, இந்த ஊர்ல வாசல்படிக்கே தண்ணி வருதுங்களேன்னு. மழை பேஞ்சா நம்ம தேங்காக் களத்துலயுந்தான் வருதுன்னேன். அதுக்கப்பறம் கேக்கலை. முப்பத்தஞ்சு வருசமா அதப் பத்தி வாயே தெறக்கலை. மறந்துட்டான்னுதான் நானும் நெனச்சேன்.

கப்பல் ஏறுன மொத நாளே சொல்லிப்போட்டா. எனக்கு மத்த ஊரெல்லாம் பாக்காட்டியும் பரவால்லீங்க, அந்த ஊருக்குள்ள மட்டும் போயி ஒரு நடை நடந்துட்டு வந்தரோணும்னு. சேரின்னேன். நா சேரின்னா சேரிதான், வார்த்தை மாறமாட்டேன், உங்களுக்கே தெரியும்.

சனிக்கிழமை வெடியால கப்பலு கரை சேந்துது. துளசி வெள்ளெனவே எந்திரிச்சுத் தண்ணி வாத்துட்டு, மணிவிழாவுக்கு எடுத்த அரக்குப் பட்டக் கட்டிட்டு, கப்பலோட பால்கனியில போயி நின்னுட்டா. நானும் போயி எட்டிப் பாத்தனுங்க. பாத்தா, பொகைபோக்கி. எண்ணெ டேங்கு. கிரேனு. எண்ணூர்ல நிக்கற மாதிரியே இருக்குது. இதுதான் உம்பட வெனிசா, இதப் பாக்கறதுக்கா விமானம் ஏறி வந்தோம்னு கேட்டேன். அவ கிரேனுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாத்துட்டு நின்னா.

அப்பறம்தான் ஜெரால்டு சொல்றாரு. ஜெரால்டுன்னா எங்களக் கூட்டிட்டுப் போன டூர் மேனேஜரு, தூத்துக்குடிக்காரரு, அம்பது வயசிருக்கும். பெரிய கப்பல இப்ப ஊருக்குள்ள விடறதில்லையாம். ஊரு தாங்காதாம், அலை அடிச்சு அஸ்திவாரம் போயிருமாம். அதனால கப்பலு இங்க ஃபேக்டரிகளுக்கு நடுவுல நிக்கும், நாம எறங்கி பஸ் ஏறோணும், பஸ்ஸு கடல் மேல ஒரு நீளப் பாலத்துல போயி அந்த முனையில எறக்கி விட்டுரும், அங்கிருந்து படகு ஏறோணும், படகு போயி எறக்குனாத்தான் ஊராம். பாருங்க கூத்த. நம்மூருத் தேரு எத்தாப் பெருசு, அதே நாலு வீதியும் சுத்திட்டு வருது. ஒரு கப்பலு வந்தா வுழுந்துபோற ஊரு என்ன ஊருங்க. அந்த ஊருக்கு இத்தன பவுசு.

பஸ்ஸு ஒம்பது மணிக்குன்னாரு. இங்கதான் வாத்தியாரே நீங்க கவனிக்கோணும். சனிக்கிழமை ஒம்பதுல இருந்து பத்தரை என்னன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல ராகுகாலம். அதுல போயி, தெரியாத ஊர்ல, தண்ணி மேல, முப்பது பேரக் கூட்டிட்டுப் பொறப்படறேங்கறாரு. நா மாட்டேன்னுட்டேன். அவரு தலையில கைய வெச்சுட்டாரு.

"சார், ராகுகாலம் எல்லாம் இங்க உள்ள பஸ்காரனுக்குத் தெரியாது சார். அஞ்சு மணிக்குள்ள திரும்பக் கப்பல்ல இருக்கணும். நேரமே கிடையாது."

"அவனுக்குத் தெரியாதுங்கறதுக்காக நமக்குமாங்க தெரியாமப் போயிரும்" ன்னேன்.

அதுக்குள்ள சம்பந்தியம்மா நடுவுல வர்றாங்க. நம்மூர் நேரத்துக்குப் பாத்தா ராகுகாலம் எப்பவோ முடிஞ்சுருச்சுங்க சம்பந்தி, நாம நம்மூருக்காரங்கதானேங்கறாங்க. தபாலாபீசு கணக்கு. நா சோசியருக்கு வாட்சப்புல அடிச்சுக் கேட்டேன். நிக்கற எடத்துச் சூரியன்தான் கணக்குன்னு சொல்லிட்டாரு. மூணு பேரும் கேக்கறாப்ல ஸ்பீக்கர்ல போட்டுக் காட்டுனேன். ஜெரால்டு மத்த எல்லாத்தையும் ஏத்தி அனுப்பிட்டு, பத்தரைக்கு இன்னொரு பஸ் இருக்கு சார், அதுதான் நம்ம கணக்குல கடைசின்னுட்டுக் கரையிலயே நின்னுட்டாரு. சம்பந்தியம்மாளும் போயிருக்கலாம். போகலை. துளசி கூடவே வர்றேன்னு நின்னுட்டாங்க. எங்களுக்காக நின்னாங்களாம். நாங்க கேட்டோமாங்க.

ராகுகாலம் போனாலும் பாருங்க, சனிக்கிழமை கிழக்கே சூலம். ஊரு எந்தப் பக்கம்னு ஃபோனுல பாத்தேன், கப்பலுக்கு நேர் கிழக்கே. ஒரு தெசை தப்பலை. கிழக்கே சூலம்னா பரிகாரம் என்ன, தயிரு. ஒரு வாய் தயிரு சாப்புட்டுட்டுக் கெளம்பினா ஒண்ணும் பண்ணாது. நம்ம பெரியவங்க வழியில்லாமலா வெச்சாங்க. சேரின்னு சாப்பாட்டு ஹாலுக்குப் போனா, அத்தன சாமானம் அடுக்கி வெச்சிருக்கறானுங்க, உருண்டையா, சப்பையா, பச்சையா, சேப்பா, மாடு தின்னாது. தயிரு எங்கடான்னா சின்னச் சின்னக் கிண்ணத்துல ரோசு கலர்ல இருக்குது. ஸ்ட்ராபெரியப் போட்டுச் சக்கரையக் கொட்டி வெச்சிருக்கறான். வெள்ளைத் தயிரு கேட்டேன். தீந்துபோச்சு, வருமுன்னான். நின்னேன். வரலை.

இப்ப சக்கரை போட்ட தயிரு பரிகாரத்துக்கு ஆகுமா ஆகாதா. நீங்களே சொல்லுங்க. சோசியருக்கு மறுபடியும் அடிச்சா எடுக்கலை. நம்மூர்ல மத்தியானச் சாப்பாட்டு நேரம், மனுசன் சாப்புட்டுப் படுத்திருப்பாரு. நானே ரோசிச்சு ஒரு முடிவுக்கு வந்தேன். சக்கரை கலந்தா தயிரோட வீரியம் பாதியாக் கொறையும், அதனால ரெண்டு கிண்ணம் சாப்புட்டா ஒரு கிண்ணத்துக்குச் சமம். நா ரெண்டு சாப்புட்டேன். துளசிக்கும் ரெண்டு. அவளுக்கு இனிப்பே ஆகாதுங்க, இருந்தாலும் மூச்சுவிடாம முழுங்கிட்டு, போலாங்களான்னா. சம்பந்தியம்மாளுக்கும் ஒண்ணு நீட்டுனேன். எனக்கு சூலமெல்லாம் எப்பவோ குத்தி முடிச்சிருச்சுங்க சம்பந்தின்னு சிரிச்சுட்டு, நா கீழ போயி பஸ்ஸப் புடிச்சு வெக்கறேன், நீங்க வாங்கன்னு எறங்கிட்டாங்க. அந்தப் பேச்சப் பாத்தீங்களா. அந்தச் சிரிப்பப் பாத்தீங்களா.

ராகுகாலம் கழிஞ்சுது, தயிரும் ஆச்சு. குலதெய்வத்த நெனச்சுட்டு நானும் துளசியும் கப்பல்ல இருந்து எறங்கறோம். கப்பலுக்கும் கரைக்கும் நடுவுல ஒரு சாய்வுப் பலகை போட்டிருப்பான், ரெண்டு பக்கமும் கயிறு. துளசி வலதுகாலு எடுத்து வெச்சுட்டா. நானும் வெச்சேன். எதுக்க ஆரு வர்றாங்கங்கறீங்க. சம்பந்தியம்மா. கீழ பஸ்ஸப் புடிச்சு வெக்கறேன்னு போனவங்க, எங்களக் காணோம்னு வேகு வேகுன்னு மேல ஏறி வர்றாங்க. நேருக்கு நேர். வெறும் நெத்தியோட.

"சம்பந்தீங்க, பஸ் கெளம்பப் போகுதுங்க. வெசயா வாங்க" ங்கறாங்க.

நா அப்படியே நின்னுட்டேன். வாத்தியாரே, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நம்ம சாங்கியம் உங்களுக்குத் தெரியாததா. ஆரோ ஒருத்தர்னாலும் பரவால்லை. தாலியறுத்தவங்க எதுக்க வந்தா என்ன பண்ணோணும்? திரும்பி உள்ள போயி, சித்த உக்காந்து, ஒரு மடக்கு தண்ணி குடிச்சுட்டு மறுபடியும் பொறப்படோணும். அவ்வளவுதான். அஞ்சு நிமிசம். ஆரையும் குத்தம் சொல்றதில்லை, ஆரையும் கொறைச்சுப் பேசறதில்லை. "துளசி, திரும்பு. சகுனம் சரியில்லை. உள்ள போயிட்டு வரலாம்" ன்னேன். மெதுவாத்தான் சொன்னனுங்க. சம்பந்தியம்மா காதுல வுழுந்துதுன்னா அது அவங்க காது.

அவங்க சிரிச்ச மொகம் அப்படியே நின்னுபோச்சு. கயித்தப் புடிச்சுட்டு ஒரு ஓரமா ஒதுங்கி, கடலப் பாத்து நின்னுட்டாங்க. வழி விடறாங்களாமா. மறைஞ்சு நிக்கறாங்களாமா. எனக்குத்தான் சங்கடம். நா துளசி கையப் புடிச்சு உள்ள இழுத்தேன். இழுத்தா கை வருது, ஆளு வரலை.

முப்பத்தஞ்சு வருசத்துல அவ என்னய எதுத்து ஒரு சொல்லு சொன்னதில்லீங்க. பையனச் செருமனிக்கு அனுப்பறப்பக்கூட, உங்க இஷ்டமுங்கன்னுதான் சொன்னா. அன்னிக்கு அந்தப் பலகை மேல நின்னு, கைய மெதுவா உருவிட்டு, நெசமாவே மெதுவா, கோவமே இல்லாம சொல்றா.

"நீங்க உள்ள போயி உக்காந்து தண்ணி குடிச்சுட்டு வாங்க. நா சம்பந்தியம்மா கூடப் போறனுங்க."

அவ்வளவுதான். போயி அந்தம்மா கையப் புடிச்சா. அவங்க வேண்டாம் வேண்டாங்கறாங்க, அண்ணன் கூடப் போங்க, நா பொறகு வர்றேங்கறாங்க. இவ காதுலயே போட்டுக்கலை. பட்டுச் சீலையத் தூக்கிச் சொருகிட்டு, அந்தம்மாளக் கிட்டத்தட்ட இழுத்துட்டு, கீழ எறங்கிப் போறா. திரும்பிப் பாப்பான்னு நின்னேன். பஸ் கதவு மூடிடுச்சு.

புத்தி பேதலிச்சிருச்சுன்னுதான் நெனச்சேன். ஆகாத சேர்க்கை. அந்த பூட்ஸுக்காரி ஒரு வாரத்துல அவளக் கெடுத்துப்போட்டாங்க. சிலபேரு மூக்க அறுத்துட்டு எதிரிக்குச் சகுனத்தடை பண்ணுவாங்க, நா அந்த ரகமில்லீங்க. எனக்கு ஆரு மேலயும் விரோதமில்லை. சாங்கியம் சாங்கியம், அவ்வளவுதான். நா உள்ள போனேன். மறுபடியும் உள்ள போறதுன்னா லேசு இல்லை, பெல்ட்டக் கழட்டு, வாட்சக் கழட்டு, பையத் தட்டுல வெய்யிங்கறான். எல்லாம் கழட்டி மாட்டிட்டு, ஒரு நாற்காலியில உக்காந்து, ஒரு மடக்கு தண்ணி குடிச்சேன். முறைப்படி. அப்பறம் பொறப்பட்டேன். எதுக்க ஆரும் வரலை. சுத்தமான சகுனம்.

ஆனா பஸ் இல்லை. வேற ஏதோ கூட்டத்து பஸ்ஸு ஒண்ணு நின்னுது, பூராம் வெள்ளைக்காரக் கெழவன் கெழவிங்க. ஜெரால்டு எங்கிருந்தோ ஓடியாந்து, அந்த டிரைவருகிட்டக் கெஞ்சி என்னய ஏத்தி உட்டாரு. பாலத்து முனையில எறங்கிக்கங்க சார், அங்கயே படகுத்துறை இருக்கு, படகு பாஸு மேடம் பையில இருக்கு, இல்லைன்னா அங்கயே டிக்கெட் எடுத்துக்கலாம்னாரு. பாலம் பரவால்லீங்க, நம்ம பாம்பன் பக்கத்துல நிக்காது. ரெண்டு பக்கமும் தண்ணி. பக்கத்துல ஒரு கெழவி என்னப் பாத்துச் சிரிச்சுட்டே ஏதோ கேட்டா, வொய்ஃப், வொய்ஃப்னு. முன்னால போயிருக்கறான்னு கையக் காட்டுனேன். அவ தலைய ஆட்டுனா பாருங்க ஒரு ஆட்டு, பாவம்னு. எனக்கென்ன பாவம்.

பாலத்து முனையில எறங்குனா என்ன இருக்குதுங்கறீங்க. கார் நிறுத்தற கட்டடம். மாடி மாடியா. உலகம் பூரா வாயப் பொளந்துட்டுப் பாக்கற ஊரோட வாசல்ல, கார் நிறுத்தற கட்டடமும், பஸ் ஸ்டாண்டும், வரிசையா நாலு கக்கூசும். கக்கூசுக்கும் காசு. அங்கிருந்து தண்ணியோரமா நடந்தா படகுத்துறை. ஒரு மெதக்கற மேடை, தண்ணியில கட்டி வெச்சிருக்கறான், ஆளு ஏற ஏற ஆடும். கூட்டம்னா கூட்டம், தைப்பூசத்துக்குப் பழனிக்குப் போற பஸ்ஸு தோத்துது.

படகு வந்துது. ஒருத்தன் கையில கயித்த வெச்சுட்டு, கட்டையில சுத்தி நிறுத்திட்டு, வா வான்னு கையக் காட்டறான். எல்லாரும் ஏறிட்டாங்க. படகும் ஆடுது, மேடையும் ஆடுது, ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து, அதுல பச்சைத் தண்ணி மேல வருது கீழ போகுது. நா ஏறலை. டிக்கெட் எடுக்கத் தெரியாம இல்லீங்க, எடுத்துட்டேன், கையிலயே இருந்துது. ஏறத் தெரியாமயும் இல்லை. துளசி முன்னால போயி எங்க நிக்கறாளோ, எந்தச் சந்துல இருக்கறாளோ, நா பாட்டுக்கு உள்ள போயி, அவ திரும்பி வந்து, ரெண்டு பேரும் மாறி மாறித் தேடிட்டுத் திரியறதா. ஒருத்தராவது ஒரு எடத்துல நிக்கோணுமில்லீங்க. அப்படிப் பொறுப்பா நெனச்சுத்தான் நின்னேன்.

அடுத்த படகுலயும் அதே கயித்துக்காரன். வான்னான். தலைய ஆட்டுனேன். அதுக்கடுத்ததுலயும் வந்தான், என்னப் பாத்து லேசாச் சிரிச்சான். அதுக்கப்பறம் வந்தப்ப அவன் எம்பக்கம் பாக்கவே இல்லை. மேடைக்குப் பக்கத்துல ஒரு கல்லுத் திண்டு இருந்துது, அதுல உக்காந்தேன். கப்பலே கவுந்தாலும் கன்னத்துல கை வெக்கக்கூடாதும்பாங்க, நா வெக்கலை. ரெண்டு கையையும் தொடை மேலதான் வெச்சிருந்தேன். அப்பறம் எமகண்டம் வேற வந்துருச்சு. வந்த பொறவு போறதுக்கில்லை. எமகண்டம் போறதுக்குள்ள வெய்யிலு எறங்கிடுச்சு. அதுக்கு மேல போயி என்ன பாக்கறது.

பசி மட்டும் தாங்கலீங்க. கச்சாயமும் முறுக்கும் அவ பையில இருந்துது. காலையில சாப்புட்டது அந்த ரோசுக் கலரு தயிரு மட்டுந்தான். அங்க ரொட்டி விக்கறான், உள்ள என்ன வெச்சிருக்கறான்னு ஆருக்குத் தெரியும். நா வெளியில அப்புடியெல்லாம் வாங்கித் திங்கறவனில்லை.

இதுல ஒரு விசயம், வாத்தியாரே. அந்த மேடையில உக்காந்து பாத்தா ஊரு தெரியாது. தண்ணி ஒரு பக்கம் வளைஞ்சு போகுது, வளைவுல ஒரு சேப்பு வூடு, அதோட மறைஞ்சிருது. படகெல்லாம் அந்த வூட்டத் தாண்டிப் போயி காணாமப் போகுது. அந்தப் பக்கம் இருந்து வர்ற படகுல எல்லாம், எறங்கறவன் எவனும் பேசறதில்லை. சும்மா, சோத்துக்கு மேல தின்னுட்டு வர்றவன் மாதிரி, மொகத்துல ஒரு மாதிரியா எறங்கிப் போறான். என்னமோ கோயிலுக்குப் போயிட்டு வந்தாப்ல. அத்தனையும் நடிப்பு. காசு குடுத்துட்டானில்லை, நல்லாயில்லைன்னு சொல்ல முடியுமா.

சாயங்காலம் நாலு மணி வாக்குல அவ வந்தா. மொதல்ல சிரிப்புச் சத்தந்தான் கேட்டுது. படகு வளைவுல திரும்பறப்பவே கேக்குது, எனக்கு அவ சிரிப்புன்னு தெரியலை. அவ சிரிச்சா வாயப் பொத்திட்டு சிரிப்பா. இது பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க சிரிக்கற மாதிரி, வாய் விட்டு. ரெண்டு பேரும் கையக் கோத்துட்டு நிக்கறாங்க. பட்டுச் சீலை முழங்காலு வரைக்கும் நனைஞ்சிருக்குது. கொண்டை அவுந்து காத்துல பறக்குது. கயித்துக்காரன் கையக் குடுத்தான், அவ புடிக்கவே இல்லீங்க. படகு ஆடுது, மேடை ஆடுது, பட்டுன்னு தாண்டி வந்துட்டா.

என்னப் பாத்தா. சிரிப்பு நின்னுபோச்சு. சீலையச் சரி பண்ணிட்டு, முடிய அள்ளி முடிஞ்சுட்டு, பக்கத்துல வந்து நின்னு, பையத் தெறந்து ஒரு பொட்டலத்த எடுத்துக் குடுத்தா. எம்பங்கு கச்சாயமும் முறுக்கும், அப்படியே, ஒண்ணு கொறையாம. பாத்தீங்களா, எங்க போனாலும் அவளுக்கு எம்பட நெனப்புத்தான். அந்தம்மா எத்தன கெடுத்தாலும் அடிமரம் அசையலை. தின்னுட்டே கேட்டேன், ஏன் அம்மிணி, உள்ள என்ன இருந்துது, ஊரு எப்புடின்னு.

"தண்ணிதானுங்க" ன்னா.

வேற ஒண்ணும் சொல்லலை. பஸ்ஸுல சொல்லலை, கப்பல்ல சொல்லலை, ஊட்டுக்கு வந்தும் சொல்லலை. ஆறு மாசமாச்சு. நா ரெண்டு மூணு தடவை கேட்டேன், சும்மா, பேச்சுவாக்குல. தண்ணிதானுங்க, நம்ம களத்துல மழைக்கு நிக்குமே அது மாதிரிங்கறா. நாந்தான் அன்னிக்கே சொன்னனில்லீங்க. இதுக்குத்தான் உங்களுக்கும் சொல்றேன். உங்க ஊட்டம்மாகிட்டச் சொல்லுங்க, முப்பத்தஞ்சு வருசம் ஆசைப்பட்டுட்டுப் போனவளே வந்து தண்ணிதான்னு சொல்லிட்டான்னு. அவ எங்கிட்டப் பொய் சொன்னதே இல்லீங்க.

என்னங்க, சிரிக்கறீங்க.

ஆரு, துளசியா? உங்க ஊட்டம்மாகிட்டயா? எப்ப? மாரியம்மன் கோயில்ல வெச்சா. ஒரு மத்தியானம் பூராவா? தண்ணியப் பத்தி ஒரு மத்தியானம் பூரா என்னங்க இருக்குது சொல்றதுக்கு. ஓ, அதக் கேட்டுத்தான் அவங்க புடிவாதம் புடிக்கறாங்களா. இதென்ன கூத்து. இல்லீங்க, எங்கிட்ட அதெல்லாம் சொல்லலை. மறந்திருப்பா. எனக்கெதுக்குன்னு விட்டிருப்பா.

ம். சொல்லுங்க.

பாலமா. ஊரு பூரா சின்னச் சின்னப் பாலமா. சேரி. ஒவ்வொரு பாலத்துலயுமா? சம்பந்தியம்மாள முன்னால அனுப்பிச்சு, உச்சி வரைக்கும் ஏறி, திரும்பி எதுக்க வரச் சொன்னாளா? அந்த மொகத்தப் பாத்துட்டுத்தான் இவ படியில காலு வெச்சாளா? ஒவ்வொரு பாலத்துக்குமா. சம்பந்தியம்மா வேண்டாங்கறப்பவும் விடலையா. அந்தம்மா மொத மூணு பாலத்துக்கு அழுதாங்களா. அப்பறம் சிரிச்சாங்களா.

அதுக்குத்தான் அந்தச் சிரிப்பா.

இல்லீங்க, ஒண்ணுமில்லை, ஃபேன் காத்து கண்ணுல படுது. பொம்பளைங்க வெளையாட்டு, நமக்கென்ன. கிறுக்குத்தனம். நீங்க சொல்லுங்க. அந்தச் சேப்பு வூட்டத் தாண்டுனா என்னன்னு ஏதாச்சும் சொன்னாளா? அந்த வளைவு, தண்ணி திரும்பற எடம். உங்க ஊட்டம்மாளுக்கு நெனப்பிருக்குமில்லீங்க. நா ஒண்ணும் தெரிஞ்சுக்கோணும்னு கேக்கலை, அவ என்னென்ன அளந்துவிட்டிருக்கறான்னு பாக்கத்தான். சொல்லுங்க வாத்தியாரே, எதையும் விடாமச் சொல்லுங்க. வாசல் கேட்டுச் சத்தம் கேக்குதா? இல்லை, அவ இல்லை. சித்த கிட்ட வந்து, மெதுவாச் சொல்லுங்க. அவ வர்றதுக்குள்ள சொல்லிப்போடுங்க.